நண்டைத் தானே கழற்றிவிடும் வலை

கல்யாண வீட்டில் நெய்ச்சோறு மிஞ்சினால் எங்கள் அதிராம்பட்டினத்தில் கொட்ட மாட்டார்கள். தேக்சாவோடு மூடிவைத்து, காலையில் தண்ணீர் தெளித்துச் சூடாக்கி, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தனுப்புவார்கள். என் சின்ன வயதில் அப்படி ஒரு காலை. ஆவி பறக்கத்தான் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரம் போவதற்குள் வீட்டில் நான்கு பேர் கொல்லைப்புறத்தில் குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம். உம்மாவுக்கு வயிற்றைவிட மனசுதான் அதிகம் வலித்தது. "கொதிக்கக் கொதிக்கத்தானே சூடு பண்ணினேன்? அந்தச் சூட்டுல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?" என்று அன்றைக்கெல்லாம் புலம்பிக்கொண்டே இருந்தார்.

சரியான கேள்வி. கிருமிகளில் பெரும்பாலானவை செத்துத்தான் போயிருக்கும்.

சோற்றைக் கெடுக்கிறவற்றில் முக்கியமானது பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. வயல் மண்ணில் வாழ்வது. அரிசியோடு வீட்டுக்குள் வருவது. உலை கொதிக்கும்போது பாக்டீரியா சாகும், ஆனால் தடித்த தோல் போர்த்திய அதன் உறங்குவித்துகள் தப்பித்துக்கொள்ளும். சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும் இரவில் அவை முளைத்துப் பெருகி, சீரியுலைடு என்ற நஞ்சைச் சுரக்கும். பிரஷர் குக்கர் சூட்டைத் தாங்கும் நஞ்சு அது. 121 டிகிரியில் வைத்தாலும் அழியாது. கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் சோற்றுக்கு வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் சுரக்கும் நஞ்சும் கொதிநீருக்கு எளிதில் மசியாது. காலையில் அடுப்பு கிருமியைக் கொன்றிருக்கலாம். அது ராத்திரியெல்லாம் சமைத்துவைத்த நஞ்சு அப்படியே இருந்தது. (நீரில் ஊறும் பழைய சோறு பெரும்பாலும் இந்த வம்பில் மாட்டுவதில்லை. புளிக்கப் புளிக்க அமிலம் ஏறுவதால் இந்தக் கிருமிக்கு அங்கே பிழைப்பு கடினம். நெய்ச்சோற்றில் அந்தக் காவல் கிடையாது.)

கிருமி வேறு, நஞ்சு வேறு. காலராவில் இதை மருத்துவம் நிலைநாட்டுவதற்கே பல பத்தாண்டுகள் பிடித்தன. கடைசியில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் ஓர் இந்தியர். அவர் பெயர் நம் பாடப்புத்தகங்களில் அதிகம் தென்படாது.

1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலரா நோயாளிகளின் குடலிலும் ஒரு குளத்து நீரிலும் காற்புள்ளிபோல் வளைந்த பாக்டீரியாவைக் கண்டார். அது ஏதோ ஒரு விஷத்தைக் கக்கித்தான் ஆளைக் கொல்கிறது என்று அவர் ஊகித்தார். ஊகத்துக்கு ஆதாரம் கிடைக்க 75 ஆண்டுகள் ஆயின. தேடியவர்கள் இறந்த கிருமியின் உடலைப் பொடித்து விலங்குகளின் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற நோயியல் பேராசிரியர் மட்டும் வேறுவிதமாக யோசித்தார். நோய் குடலில் என்றால் தேட வேண்டிய இடமும் குடல்தானே?

முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் தண்ணீர் நிரப்பிய பலூன்போல் உப்பியிருந்தது. இது 1953. ஆறு ஆண்டுகள் கழித்து அவர் செய்ததுதான் பெரிய காரியம். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத தெளிநீரை மட்டும் அதேபோல் செலுத்தினார். துண்டு அப்போதும் உப்பியது. ஆக, ஆளைச் சாய்ப்பது கிருமி வெளியே விடும் ஏதோ ஒன்று. 1959இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரை மிகச் சிறியது. டே 1978இல் ஸ்டாக்ஹோமில் நடந்த காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார்; 1985இல் காலமானார். சொந்த நாட்டில் பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை.

அந்த நஞ்சின் உருவம் பின்னால் தெரிந்தது. ஆறு புரதத் துண்டுகள். ஐந்து வட்டமாக நிற்கும், நடுவில் ஆறாவது. வட்டத்தில் நிற்கும் ஐந்தும் கைகள். நம் குடற்சுவர்ச் செல்களின் மேல் ஜிஎம்1 என்ற கொழுப்புச் சர்க்கரை புல்போல் முளைத்திருக்கும். ஐந்து கைகளும் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். ஆறாவது துண்டு உள்ளே நுழைந்து, செல்லின் மடையைத் திறந்த நிலையிலேயே மாட்டிவிடும். உப்பும் அதன் பின்னே தண்ணீரும் குடலுக்குள் கொட்டும். மோசமான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர்வரை இழப்பார். இந்த நஞ்சைச் சூட்டில் அழித்துவிடலாம்தான். ஆனால் அது சுரப்பது குடலுக்குள். அங்கே அடுப்பு ஏது?

கிருமியை விட்டுவிட்டு நஞ்சையே குறிவைப்பது ஏன் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. 1992 அக்டோபரில் சென்னையில் காலரா போன்ற நோய் பரவியது. பிடித்துப் பார்த்தால், அதுவரை பட்டியலிட்டிருந்த 138 வகைச் சோதனைச் சீரங்களில் ஒன்றுக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. ஓ139 என்று புது எண் கொடுத்தார்கள். வங்காள விரிகுடாவை ஒட்டிப் பரவியதால் 'பெங்கால்' என்ற பட்டப்பெயரும் சேர்ந்தது. முதலில் தலைகாட்டிய சென்னைக்குப் பெயரில் பங்கில்லை. பழைய காலராவுக்குப் பழகிப்போன பெரியவர்களையும் இது சாய்த்தது. கிருமி போர்த்திய சட்டை மாறியிருந்ததால் உடலின் காவலாளிகளுக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே வைத்திருந்த நஞ்சு மட்டும் பழைய அதே நஞ்சு.

நஞ்சைப் பிடிப்பது எப்படி? எங்கள் ஊரில் கலங்கல் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டுவார்கள். வங்கதேசத்தில் இதையே முறையாகச் சோதித்தார்கள். பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக்கிக் குடிநீரை வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ரீட்டா கோல்வெல் குழு எழுதியது. காலராக் கிருமி நீரில் தனியாகத் திரிவதைவிட, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மிதவை உயிரிகளின் மேல் தொற்றிக்கொண்டு திரிவதே அதிகம். சேலை அந்த உயிரிகளைத் தடுத்தது. நஞ்சு அப்படியில்லை. கிருமி ஒரு லாரி அளவு என்றால் அதன் நஞ்சு ஓர் எலுமிச்சம்பழம். எந்தத் துணியும் அதை நிறுத்தாது.

சல்லடையை விட்டுவிட்டுக் கொக்கிக்குப் போக வேண்டும். நஞ்சின் கைகள் எந்தச் சர்க்கரையைத் தேடுகின்றனவோ, அதே சர்க்கரையைத் தூண்டிலில் மாட்டினால் போதும். ஜிஎம்1 முழுவதையும் செய்வது செலவு பிடிக்கும் வேலை. ஆனால் நஞ்சின் கை முக்கியமாகப் பற்றுவது அதன் நுனியில் இருக்கும் கேலக்டோஸை. பால் சர்க்கரையில் பாதி அதுதான், விலை மலிவு.

ஒற்றைக் கேலக்டோஸை நஞ்சு பிடிக்கும், உடனே விட்டும்விடும். நாயுருவிச் செடி ஓரமாக நடந்தவர்களுக்கு இதன் மாற்றுத் தெரியும். ஒரு விதை வேட்டியில் ஒட்டினால் தட்டினாலே விழுந்துவிடும். ஒரு கதிரே உரசி வரிசையாக ஒட்டியிருந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அதுபோல, நீண்ட ஒரு மூலக்கூற்றுச் சங்கிலியின் கண்ணிகள்தோறும் கேலக்டோஸைத் தொங்கவிட்டால், ஐந்து கை கொண்ட நஞ்சு ஒன்றை விட்டாலும் நான்கில் மாட்டியிருக்கும். ஒரே வகைக் கண்ணி ஆயிரக்கணக்கில் கோத்த இத்தகைய சங்கிலிக்குப் பலபடி என்று பெயர், கடைப்பேச்சில் பாலிமர். கேலக்டோஸ் தொங்கும் பலபடிகள் காலரா நஞ்சு தன் இலக்கைப் பற்றாமல் தடுப்பதைச் சோதனைக் குழாயில் பல குழுக்கள் காட்டியிருக்கின்றன.

பிடித்தாயிற்று. இனிமேல்தான் தலைவலி.

பாக் நீரிணைக் கரையில் காலையில் நின்று பார்த்தால் விளங்கும். நண்டு வலை போட்டுவரும் படகுக்குக் கடலில் ஆகும் நேரத்தைவிட, கரையில் வலையை விரித்துப்போட்டு நண்டைக் கழற்ற ஆகும் நேரம் பெரிது. ஒவ்வொரு காலிலும் நூல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கொடுக்கு ஒடியும். ஒடிந்த நண்டுக்கு விலை இல்லை. அறுத்தால் வலை போயிற்று. நஞ்சிலும் இதே கதை. இறுகப் பிடிக்கும் கொக்கியிலிருந்து அதைக் கழற்ற அமிலத்தையோ காரத்தையோ ஊற்ற வேண்டும். அதில் நஞ்சின் மடிப்புக் குலைந்துபோகும், கொக்கியும் கெடும். பிடித்த நஞ்சை விடுவிப்பானேன், போகட்டுமே என்று கேட்கலாம். குடலுக்குள் என்றால் போகட்டும். ஆனால் ஒரு குடம் நீரில் துளியூண்டு இருக்கும் நஞ்சைத் திரட்டிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாலோ, தடுப்பூசிக்காக நஞ்சின் துண்டுகளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்றாலோ, அதை உருக்குலையாமல் வலையிலிருந்து எடுத்தாக வேண்டும். வலையையும் மறுபடி பயன்படுத்த வேண்டும்.

தொட்டு இழுக்காமல், அறுக்காமல், சொன்னதும் சுருங்கி, சொன்னதும் விரியும் ஒரு நூல் இருந்தால்? இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நோன்புக் காலத்துக்குப் போவோம்.

நோன்பு திறக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுத் தட்டில் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கடல்பாசி இருக்கும். காய்ந்த பாசியைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கத்தியால் வில்லை போடுமளவு இறுகிவிடும். மறுபடி கொதிக்கவைத்தால் இளகும். (கிருமிகளை வளர்க்க இதையே பயன்படுத்தலாம் என்று 1881இல் யோசனை சொன்னவர் ஃபேன்னி ஹெஸ்ஸே, கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி. அதுவரை வைத்திருந்த ஜெலட்டின் கோடையில் இளகித் தொலைத்தது. நுண்ணுயிரியல் இன்றும் கடல்பாசித் தட்டில்தான் நடக்கிறது.) சூட்டில் கரையும், குளிரில் கட்டியாகும்: சர்க்கரை, கருப்பட்டி, நெய், எல்லாம் நமக்குக் கற்றுக்கொடுத்திருப்பது இந்த ஒரே பாடத்தை. முட்டை சூட்டில் கட்டியாகிறதே என்றால், அவித்த முட்டை ஆறினாலும் பச்சை முட்டை ஆகாது.

பாலி-என்-ஐசோபுரோப்பைல்அக்ரிலமைடு என்றொரு பலபடி இருக்கிறது. வாய் வலிக்கும் பெயர். ஆய்வகங்களில் பினிபாம் என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம். குளிர்ந்த நீரில் இது தெளிவாகக் கரையும். லேசாகச் சூடாக்கினால், ஏறத்தாழ 32 டிகிரியில், சட்டென்று மோர்போல் வெளுத்துத் திரண்டுவிடும். ஆறவிட்டால் மீண்டும் தெளிநீர். நூறு முறை செய்தாலும் நூறு முறையும் திரும்பும். கடல்பாசி இறுகுவது நாற்பதுக்குள்ளே, இளகுவது எண்பதுக்கு மேலே. நடுவில் பெரிய இடைவெளி. பினிபாமோ ஓரிரு டிகிரிக்குள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தாவிவிடும். 1968இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஹெஸ்கின்ஸ், கில்லெட் இருவரும் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். இப்படிப்பட்டவற்றை வெப்பமுணர் பலபடிகள் என்றும், அவை திரளும் புள்ளியைத் திரள்வெப்பநிலை என்றும் அழைக்கலாம்.

ஏன் இந்தத் தலைகீழ்க் குணம்? பினிபாமின் ஒவ்வொரு கண்ணியிலும் நீரை விரும்பும் பகுதி ஒன்றும் எண்ணெய்போல் நீரை வெறுக்கும் பகுதி ஒன்றும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. குளிரில், எண்ணெய்ப் பகுதியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் கைகோத்து ஓர் ஒழுங்கான வளையம் கட்டும். பள்ளிக்கூடத்தில் காலை இறைவணக்க வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். இளவெயிலில் பிள்ளைகள் நேராக நிற்பார்கள். வெயில் ஏற ஏற நெளிவார்கள். ஒரு கட்டத்தில் வரிசை கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடும். நீர் மூலக்கூறுகளும் சூடு ஏறும்போது வளையத்தில் கட்டுண்டு கிடப்பதைவிடக் கலைந்து திரிவதையே விரும்புகின்றன. வளையம் கலைந்ததும் அம்மணமாகிப்போன எண்ணெய்ப் பகுதிகள், குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்வதுபோல் சேர்ந்துகொள்கின்றன. நீளமாகக் கிடந்த நூல் ஒரு நூல்கண்டாகிறது.

அழகான கதைதான். கதை சரி என்று எப்படித் தெரியும்? முதல் சாட்சி ஒளி. பினிபாம் கரைசலின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளிமானி. 31 டிகிரிவரை ஒளி தாராளமாகப் போகும். 32ஐத் தாண்டியதும் படுத்துவிடும். இரண்டாவது சாட்சி வெப்பக் கணக்கு. நுண்ணிய கலோரிமானியில் வைத்தால் திரளும் புள்ளியில் கரைசல் வெப்பத்தை விழுங்குவது தெரியும். நீரின் கைகோப்பை அவிழ்க்கத்தான் அந்தச் செலவு. ஆனால் வெளுப்பது என்பது ஆயிரமாயிரம் சங்கிலிகள் கூடிய கூட்டத்தின் காட்சி. ஒற்றைச் சங்கிலி உண்மையிலேயே கண்டாகச் சுருள்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஹாங்காங்கில் சீ வூ, சியாவ்ஹுய் வாங் இருவரும் சங்கிலிகள் ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத அளவுக்குக் கரைசலை நீர்த்துப்போகச் செய்து அதில் லேசரைப் பாய்ச்சினார்கள். ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் தூசி ஆடுமே, அதுபோல் மூலக்கூறுகளும் நீரில் ஆடும். சிறியது துள்ளி ஆடும், பெரியது சோம்பி ஆடும். சிதறிவரும் ஒளியின் மினுமினுப்பு வேகத்திலிருந்து ஆடுவதன் பருமனைக் கணக்கிடலாம். சூடேற்றியபோது ஆட்டம் வேகமெடுத்தது. ஒற்றை நூல் தனியாகவே சுருண்டு கண்டாவது 1998இல் இப்படி உறுதியானது.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பளக்காரர்கள் ஊர் எங்களுடையது. பினிபாம் கரைசலில் உப்பைப் போட்டால் திரள்வெப்பநிலை சில டிகிரிகள் இறங்கிவிடும். உப்பின் அயனிகளுக்கு நீர் பணிவிடை செய்யப் போய்விடுவதால் பலபடிக்கு நீர் போதாமல் போகிறது என்று பாமரமாகச் சொல்லலாம். உண்மை இன்னும் சிக்கலானது. எந்த உப்பு எவ்வளவு இறக்கும் என்பதற்கு ஒரு வரிசையே உண்டு. பிராக் நகரில் ஹோஃப்மைஸ்டர் 1888இல் முட்டை வெள்ளைக்கருவை வைத்து அந்த வரிசையைக் கண்டார். நீர்விரும்பிகளைச் சேர்த்தால் எதிர்த்திசையில் நடக்கும். சங்கிலியில் சர்க்கரைக் கொக்கிகளைத் தொங்கவிட்டால் திரள்வெப்பநிலை மேலே ஏறும். வேதியியலாளருக்குத் திருகுவதற்கு இரண்டு திருகுகள் கிடைத்துவிட்டன.

இப்போது வலையைப் பின்னலாம். கேலக்டோஸ் கொக்கிகள் கொண்ட வெப்பமுணர் பலபடியைக் குளிர்ந்த நீரில் கலக்கிறோம். நூல் விரிந்து கிடக்கிறது, கொக்கிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, நஞ்சு மாட்டுகிறது. வெதுவெதுப்பாக்குகிறோம். நூல் திரண்டு, மாட்டியதையும் இழுத்துக்கொண்டு அடியில் படிகிறது. மேல்நீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் சுத்தமான குளிர்நீரில் தனிக் கேலக்டோஸை நிறையக் கரைத்து ஊற்றுகிறோம். நூல் விரிகிறது, நஞ்சின் கைகளுக்கு வேறு கேலக்டோஸ் கிடைத்ததால் கொக்கியை விடுகிறது. மறுபடி சூடாக்கினால் நூல் மட்டும் கீழே, நஞ்சு மேலே. ஒரு குடத்தில் இருந்தது ஒரு கரண்டியில் வந்துவிடும். இதற்குப் பற்றுவீழ்படிவு முறை என்று பெயர். புரதங்களைப் பிரித்தெடுக்க இத்தகைய நுண்ணுணர் பலபடிகளைப் பயன்படுத்துவதில் டெல்லி ஐஐடியில் முனீஷ்வர் நாத் குப்தாவும், கான்பூர் ஐஐடியில் அசோக் குமாரும் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி கொக்கியே இல்லாதது. என் மனசுக்குப் பிடித்தது அதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்வைன் வளாகத்தில் கென்னத் ஷியா, அவரோடு யூ ஹோஷினோ. பினிபாமை நூலாக விடாமல், நூலும் நூலும் பின்னிய நுண்ணிய பஞ்சுருண்டையாகச் செய்தார்கள்; நானோ துகள். அதில் எண்ணெய்ப் பசையுள்ள கண்ணிகளையும் மின்னேற்றம் உள்ள கண்ணிகளையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, எந்தக் கலவை எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று தேடினார்கள். தேனீ விஷத்தில் இருக்கும் மெலிட்டின் என்ற சிறு புரதத்தை முதல் எதிரியாக எடுத்துக்கொண்டார்கள். மெலிட்டின் செய்யும் வேலை ரத்தச் சிவப்பணுக்களில் ஓட்டை போடுவது. சோதனை எளியது, கண்ணால் பார்க்கக்கூடியது. சிவப்பணுக்கள் மிதக்கும் குழாயில் மெலிட்டினை விட்டுச் சுழற்றினால் குழாய் முழுக்க ரோஸ்மில்க் நிறம். அணு உடைந்து சிவப்பு வெளியே கசிந்துவிட்டது. சரியான துகளை முதலிலேயே கலந்திருந்தால், அடியில் சிவப்புப் பொட்டு, மேலே தெளிநீர். 2010இல் உயிருள்ள எலிகளின் ரத்தத்திலும் இது வேலை செய்வதைக் காட்டினார்கள். உடல் தயாரிக்கும் எதிர்ப்புரதத்தின் வேலையைச் செய்வதால் 'பிளாஸ்டிக் எதிர்ப்புரதம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு ஸ்டெஃபிலோகாக்கஸ் சுரக்கும் ஓட்டைபோடும் நஞ்சு ஒன்றின்மேலும் இதே உத்தி திரும்பியது.

2012இல் அதே குழு காட்டியது விடுவிப்பு. துகள் வெதுவெதுப்பில் சுருங்கியிருக்கும்போது அதன் எண்ணெய்ப் பகுதியும் மின்னேற்றமும் நெருங்கி நின்று லைசோசைம் என்ற புரதத்தைக் கவ்வின. குளிரவைத்ததும் துகள் உப்பி அவை விலக, பிடி தளர்ந்து புரதம் வெளியே வந்தது. வெளியே வந்த லைசோசைம் தன் வேலையை முன்புபோலவே செய்தது. கொடுக்கு ஒடியாத நண்டு.

இந்த மென்மையான விடுவிப்பை ஜப்பானில் தெருவோ ஒகானோ 1990லேயே செல்களில் செய்துகாட்டியிருக்கிறார். பினிபாம் பூசிய தட்டில் 37 டிகிரியில் செல்கள் ஒட்டி வளரும். குளிரவைத்தால் கிழியாத ஒரே விரிப்பாகக் கழன்று வரும். தோசைக்கல்லில் ஒட்டாமல் எழும்பும் தோசை மாதிரி. அப்படி எடுத்த விரிப்பைக் கண்ணின் கருவிழிமேல் ஒட்டிச் சிகிச்சையும் நடந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மருந்துக்கடையில் நஞ்சுபிடி மாத்திரை கேட்க வேண்டாம். இரண்டு பெரிய அடிகள் விழுந்திருக்கின்றன. இரண்டும் வெப்பமுணராத சாதாரணப் பிடிப்பான்கள். ரத்தபேதி உண்டாக்கும் ஈ.கோலை நஞ்சைக் குடலில் பிடிக்கச் சர்க்கரைக் கொக்கி மாட்டிய சின்சார்ப் என்ற பொடியைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2003இல் முடிவு வந்தது. நோய் தெரிய வரும் நேரத்துக்குள் நஞ்சு குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போய்விட்டிருக்கும். டோலெவாமர் என்ற பலபடி, மருத்துவமனைகளில் பரவும் ஒரு குடற்கிருமியின் நஞ்சைப் பிடிக்க வந்தது. பெரிய சோதனையில் வழக்கமான மாத்திரைகளிடம் தோற்றது. காலராவுக்கு இன்றும் உயிர்காப்பது உப்புச் சர்க்கரைக் கரைசல்தான். எந்தப் பலபடியும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை. எங்கள் வீட்டு நெய்ச்சோற்றையும் இது காப்பாற்றியிருக்காது. சீரியுலைடு காலரா நஞ்சைவிட எழுபது மடங்கு லேசானது, எண்ணெயில் கரைவது. நெய்யில் ஊறிய சோற்றுக்குள் எந்த வலையை வீசுவது? மிஞ்சிய சோற்றை ராத்திரியே ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் போதும். போதாததற்கு, பினிபாம் உடலில் மக்கிப்போவதில்லை, அதைச் செய்யும் மூலப்பொருளின் மிச்சம் செல்களுக்கு ஆகாது. இந்த வலைக்கு உடனடி வேலை உடம்புக்கு வெளியேதான் என்பது என் எண்ணம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹாஃப்மன், ஸ்டேட்டன் குழு, காந்தத் துகளோடு இதைச் சேர்த்து மலேரியாவின் அடையாளப் புரதத்தைத் திரட்டிக் காட்டியிருப்பது அந்த வழியில்தான்.

அங்கேதான் எங்கள் ஊர் குறுக்கே வருகிறது. 32 டிகிரி என்பது டொரான்டோவிலோ சியாட்டிலிலோ பெரும்பாலும் ஹீட்டர் போட்டால்தான் வரும் சூடு. அதிராம்பட்டினத்தில் அது காலை பதினொரு மணி. வானிலை ஆய்வு மையத்தின் நிலையம் ஒன்று இங்கேயே இருக்கிறது. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அதன் பகல் உச்சம் 32ஐத் தாண்டிவிடும். பினிபாம் கரைசலை ஒரு புட்டியில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தால், சித்திரையில் பகலெல்லாம் மோராக இருக்கும். மார்கழியில் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் போகும்போது இளநீராக இருக்கும். குளிரூட்டிய அறையில் கச்சிதமாக வேலை செய்த வலை, இங்கே விரிக்கும் முன்னே சுருண்டுவிடும். உப்புக் கரித்த நீரில் இன்னும் சீக்கிரம் சுருளும். முத்துப்பேட்டைக் காயல் நீரைச் சோதிக்க வேண்டுமானால் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தீர்வு அந்தத் திருகில் இருக்கிறது. சங்கிலியில் நீர்விரும்பிக் கண்ணிகளைக் கொஞ்சம் கூட்டினால் திரள்வெப்பநிலை நாற்பதுக்கு மேல் ஏறும். அப்போது சித்திரை மதியத்திலும் நூல் விரிந்தே கிடக்கும். திரட்ட, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் போதும். விரிக்க, பானைத் தண்ணீர் போதும். விலங்கிலிருந்து எடுக்கும் எதிர்ப்புரதங்களைப் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காக்க வேண்டும். பலபடிக்கு அந்தக் கவலை இல்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து பல வாரம் கரண்ட் இல்லை. நோய் பரவுமோ என்று எல்லோரும் தண்ணீரைப் பார்த்துப் பயந்த நாட்கள் அவை. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய எதுவும் அந்நாட்களில் எங்கள் தெருவில் பிழைக்கவில்லை. விறகடுப்பும் மண்பானையும் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தன.